மண்டபமும் மொட்டைக்கல்லும்

மார்ச் 2, திங்கள்

இன்னும் இருபத்தொன்பது நாள். 31ஆம் தேதி அத்தானுக்கு ஓய்வு. ஏப்ரல் இரண்டாம் தேதி ஹவுராவில் ரயில் ஏறுகிறோம். சாமான் கட்ட ஆரம்பித்ததில் அலமாரி அடியிலிருந்து இந்த டைரி கிடைத்தது. மகள் ஜெனிட்டா காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கிக் கொடுத்தது, ஒரு பக்கம்கூட எழுதவில்லை. பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றுவதைவிட இது நல்ல வேலை என்று உட்கார்ந்துவிட்டேன்.

யாராவது பின்னால் படித்தால் விளங்கட்டும். நான் பொன்மலர், சொந்த ஊர் நாசரேத். அத்தான் ஞானதுரை, கொல்கத்தா தால்பாகான் கல்லறைத் தோட்டத்துக்குக் கண்காணிப்பாளர். கேட்டுக்கு உள்ளேயே எங்கள் வீடு. நான் துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம் ஒரு வங்காள மந்திரியும் ஒரு வங்காளக் கவிஞரும் படுத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் எப்படி என்று ஊரில் கேட்பார்கள். தங்கமான மனிதர்கள், இருபத்தாறு வருஷத்தில் ஒரு சத்தம் கிடையாது என்று சொல்வேன்.

வந்த புதிதில் மூன்று மாதம் நான் அழுதுகொண்டே இருந்தேன் என்பது வேறு விஷயம். பாஷை தெரியாது, கடுகெண்ணெய் வாசம் பிடிக்காது, ஜன்னலைத் திறந்தால் சிலுவைகள். கல்யாணம் பேசும்போது "கல்கத்தாவில் தோட்டத்துக்குப் பொறுப்பு" என்றுதான் எங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். என்ன தோட்டம் என்று யாரும் கேட்கவில்லை.

கல்லறை நிர்வாகக் குழு அத்தானுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறது. இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் சொந்தக்காரர்களும் படிக்க வேண்டுமே, கீழே தமிழிலும் போடுவோம், அதை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவில் ஒரு வரி வருகிறது: முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு கல்லறையிலும் ஒரு பிழையும் நேரவிடாதவர். அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

மார்ச் 4, புதன்

நிகில்பாபு வந்தார். கவிஞர் நினைவுக் குழுவின் செயலாளர். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சில் மட்டும் ஓய்வு கிடையாது. என்னை "பௌதி" என்பார். அண்ணி என்று அர்த்தம். இந்த ஊரில் கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் அண்ணிதான்.

விஷயம் இது. இந்த 22ஆம் தேதி கவிஞர் சுதாமய் பிஸ்வாஸுக்கு நூற்றிருபத்தைந்தாவது பிறந்தநாள். மந்திரி ஒருவர் வருகிறார், உயிரோடிருக்கும் மந்திரி. கவிஞரின் தலைமாட்டில் மார்பளவு வெண்கலச் சிலை வைக்கப்போகிறார்கள். அதற்கு மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி சிமென்ட் போட வேண்டும். 18ஆம் தேதி தோண்டுகிறார்கள்.

இரண்டு கல்லறைகளையும் பற்றி எழுதிவிடுகிறேன். மந்திரி பிரமதநாத் ஹால்தார், அந்தக் காலத்தில் மாகாணம் முழுக்க வாய்க்கால் வெட்டியவர். அவருக்கு நாலு தூண் வைத்த அழகான மண்டபம். பத்தடி தள்ளிக் கவிஞர். படகுக்காரர்களின் துயரத்தைப் பாடினவர். அவருக்குத் தரையோடு தரையாக ஒரு மொட்டைக்கல், அவ்வளவுதான். இருவரும் வங்காளக் கிறிஸ்தவர்கள். அதனால்தான் எரிக்காமல் இங்கே கொண்டுவந்தார்கள்.

இந்த மொட்டைக்கல்லைப் பற்றியே நிகில்பாபு நாற்பது பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதியிருக்கிறார். ஏழைகளைப் பாடியவனுக்கு வெறுங்கல், அதிகாரத்தில் இருந்தவனுக்கு மண்டபம் பார்த்தீர்களா என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதிலிருந்து வாசிப்பார். கூட்டத்தில் கண்ணீர் விடுவார்கள். எனக்கே ஒருமுறை வந்தது.

சிலையைக் கொஞ்சம் தள்ளி நடைபாதை ஓரமாக வைத்தால் என்ன என்று அத்தான் கேட்டார். வேர் இருக்கிறது, தோண்டினால் பக்கத்து மரம் சாயும் என்றார். நிகில்பாபு அசையவில்லை. அத்தான் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஓய்வு நெருங்க நெருங்க ஆண்களுக்கு இப்படி ஆகும் என்று எதிர்வீட்டு அம்மா சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

பித்தளைக் குத்துவிளக்கு, இட்லிக் கொப்பரை, தையல் மெஷின். மெஷினை விற்கச் சொல்கிறார். முடியாது என்றேன்.

மார்ச் 7, சனி

துணி காயப்போடும்போது மண்டபத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். பழைய நினைப்பு.

எட்டாம் வகுப்பில் எங்களை மெட்ராஸுக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனார்கள். மெரினாவில் தலைவர் சமாதி. எல்லோரும் வரிசையாகக் குனிந்து கல்லில் காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே அவர் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதாம். நானும் வைத்தேன். கேட்டது என்று சத்தியம் பண்ணினேன். என் பக்கத்தில் நின்றவளுக்கு என்னைவிட நன்றாகக் கேட்டது.

கல்கத்தா வந்த புதிதில், இது பெரிய மந்திரி மண்டபம் என்று தெரிந்த அன்றைக்கு, நானும் போய்க் கல்லில் காதை வைத்தேன். பூர்ணிமாதி அதைப் பார்த்துவிட்டார். 'தி' என்றால் அக்கா. மந்திரி ஹால்தாரின் தம்பி பேத்தி, அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தாத்தா கல்லறையைத் தேடி வந்திருந்தார். "என்ன கேட்கிறது?" என்றார். எனக்குத் தெரிந்த நாலு வங்காள வார்த்தையில் "மணி" என்றேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்றரை என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

மார்ச் 9, திங்கள்

பூர்ணிமாதி நாரத்தங்காய் ஊறுகாய் வாங்கிப்போக வந்தார். நான் போய்விட்டால் இது எங்கே கிடைக்கும் என்று கண் கலங்கினார். பிரிவது என்னைவிட்டா ஊறுகாயைவிட்டா என்று கேட்டேன், இரண்டும் என்றார்.

பேச்சு சிலை பக்கம் திரும்பியது. வருஷா வருஷம் நிகில்பாபு மைக்கில் மண்டபத்தைத் திட்டுவதைக் கேட்டு அவர் மனசு நொந்துபோயிருக்கிறது. ஹால்தார் நினைவு மன்றத்துக்கு இவர்தான் தலைவி, எல்லோரும் இவரைத்தான் பார்ப்பார்களாம். பிறகு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"எங்க வீட்டுல ஒரு பேச்சு உண்டு பொன்மலர். என்மேல எதுவும் கட்டக்கூடாது, மழை நேரா என்மேல விழணும்னு தாத்தா உயில்லயே எழுதி வச்சாராம். அதையும் மீறி யாரோ இவ்ளோ பெரிய மண்டபத்தைக் கட்டியிருக்காங்க. நிகில் திட்டும்போதெல்லாம் திட்டட்டும்னு தோணுது. எங்க குடும்பம்தானே வாக்கு தவறினது."

ஊறுகாய் ஜாடியை மூடிக் கொடுத்தேன். மூடி சரியாக மூடவில்லை, எண்ணெய் அவர் சேலையில் கொட்டிவிட்டது.

நாளைக்கு எழுத மறந்துவிடும், இப்போதே எழுதுகிறேன். அத்தானிடம் ஒரு விசித்திரமான பழக்கம். மார்ச்சில் கவிஞர் பிறந்தநாள், ஆகஸ்டில் மந்திரி நினைவுநாள். கூட்டம் கலைந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு போய், வைத்த ரஜனிகந்தாப் பூவையெல்லாம், நம் ஊர்ச் சம்பங்கிதான், அள்ளுவார். மார்ச்சில் மொட்டைக்கல்லில் இருப்பதை மண்டபத்துக்குக் கொண்டுபோவார், ஆகஸ்டில் மண்டபத்தில் இருப்பதை மொட்டைக்கல்லுக்கு. பெருக்க வசதி என்பார். பெருக்க ஆள் இருக்கிறானே, கண்காணிப்பாளர் ஏன் பூ அள்ள வேண்டும் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தடவையாவது கௌரவமாக நாற்காலியில் உட்காரச் சொல்ல வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

நிகில்பாபு கண்காட்சிக்கு வைக்கப் பழைய போட்டோக்கள் கொண்டுவந்தார். ஒன்றில் நம் மண்டபம், புத்தம் புதிதாக. திறப்புவிழாக் கூட்டம். நடுவில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா, தூணைப் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்கிறார்.

அவர் கவிஞரின் மனைவியாம். "பாருங்க பௌதி, பெருந்தன்மையை. தன் புருஷனுக்கு வெறுங்கல். பக்கத்துல மந்திரி மண்டபத் திறப்புக்கும் வந்து அழுதிருக்காங்க." நிகில்பாபு இதற்கு ஒரு பக்கம் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

பக்கத்துக் கல்லறை மண்டபத்துக்கு யாராவது அப்படி அழுவார்களா?

மார்ச் 11, புதன்

ஒன்றும் எழுதுவதற்கு இல்லை. மீன் கருகிவிட்டது.

மார்ச் 12, வியாழன்

அத்தான் லேக் மார்க்கெட்டுக்குக் காப்பிப்பொடி வாங்கப் போன நேரத்தில் ஆபீஸ் அலமாரியைத் திறந்தேன். அடக்கப் பதிவேடுகள் வருஷவாரியாக மேல் தட்டில் இருக்கும். அந்தக் காலத்துப் பதிவேடு மட்டும் வரிசையில் இல்லை. தேடித் தேடி, பழைய பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் கிடைத்தது. மற்றப் பதிவேடுகளில் ஒரு விரல்கனம் தூசி, இதில் தூசியே இல்லை. பூச்சி அரிக்கும் என்று எடுத்து வைத்திருப்பார்.

இங்கிலீஷில் அழகான கையெழுத்து. மனை 41: சுதாமய் பிஸ்வாஸ், கவிஞர். பொதுமக்கள் நன்கொடையில் நாலு தூண் மண்டபம். மனை 42: பிரமதநாத் ஹால்தார், முன்னாள் மந்திரி. உயிலின்படி வெறுங்கல்.

அதற்குக் கீழே படம்கூடப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் புயலைப் பற்றி எழுத வேண்டும். நான் வந்த வருஷம் ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கால்பைசாகி அடித்தது. இங்கே சித்திரை வைகாசியில் அடிக்கும் புயலுக்கு அந்தப் பேர். ஒரு பெரிய மரம் சாய்ந்து இரண்டு கல்லறைகளிலிருந்தும் பெயர்ப்பலகை பெயர்ந்து விழுந்துவிட்டது. அப்போது இந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே கிடையாது, இடுப்பளவு புதர். நிகில்பாபுவின் குழுவும் கிடையாது, மன்றமும் கிடையாது, அதெல்லாம் எட்டு வருஷம் கழித்துப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் ஆரம்பித்தது. அத்தான் மலேரியாவில் படுத்த படுக்கை. ஒரியாக் கொத்தனார் பலகைகளை ஒட்ட வந்தார். எந்தப் பலகை எங்கே என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்தார்கள்.

மார்ச் 13, வெள்ளி

யாரோ என்று எழுதியிருக்கிறேன். நேற்று எழுதியதைப் படித்தபோது என் கையெழுத்தையே கிழித்துப்போட வேண்டும் போல் இருந்தது.

நான்தான்.

எனக்கு அப்போது வங்காளம் வாசிக்கத் தெரியாது. கொத்தனாருக்கும் தெரியாது. கேட்டில் நின்ற காய்கறிக்காரர் படித்துச் சொன்னார், இது மந்திரி, இது கவி. எது எங்கே ஒட்ட வேண்டும் என்று கொத்தனார் கேட்டார். கொஞ்சமாவது யோசித்தேனா? இல்லை. ஒரு பக்கம் மண்டபம், ஒரு பக்கம் மொட்டைக்கல். மண்டபம் தலைவருக்கு இல்லாமல் கவிதை எழுதுகிறவருக்கா கட்டுவார்கள்? எங்கள் ஊரில் கேட்டால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். கையை நீட்டிக் காட்டினேன். கொத்தனார் ஒட்டிவிட்டார்.

கவிஞனுக்கு ஊரே சேர்ந்து மண்டபம் கட்டும், மந்திரி எனக்கு வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுச் சாவார் என்று நான் கண்டேனா? இந்த ஊர் இப்படிப்பட்ட ஊர் என்று யார் சொன்னார்கள்?

அத்தான் எழுந்து நடமாடப் பத்து நாளானது. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். நான் வாசலில் நின்றேன், நானே நின்று வேலை வாங்கினேன் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "நல்லா வேலை வாங்கியிருக்க பிள்ள" என்றார். பழுதுபார்ப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கையெழுத்து அவருடையது. பிழை வெளியே வந்தால் அவர் பிழை.

மார்ச் 14, சனி

இன்றைய கணக்குப்படி நான்கு நாளில் தோண்டுகிறார்கள். மழை நேராக என்மேல் விழட்டும் என்று சொன்ன மனுஷரின் தலைமாட்டில் மூன்றடி குழி தோண்டி வேறொருவர் தலையை வைக்கப்போகிறார்கள்.

வாயை மூடிக்கொண்டு பத்தொன்பது நாள் கழித்து ரயில் ஏறிவிடலாம். அத்தான் மாலையும் கழுத்துமாக ஊர் திரும்புவார். பாராட்டுப் பத்திரத்தை எடுத்துத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். மற்ற வரியெல்லாம் வந்துவிட்டது. அந்த ஒரு வரியிடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

பூர்ணிமாதியின் சேலையில் எண்ணெய்க்கறை போகவில்லையாம். பரவாயில்லை என்று போன் பண்ணிச் சொல்கிறார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 15, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அத்தானிடம் சொல்லிவிட்டேன். சட்டை பட்டனைக்கூட அவிழ்க்க விடவில்லை. பதிவேடு, போட்டோ, கொத்தனார், காய்கறிக்காரர், எல்லாம் ஒரே மூச்சில். அழுதும் விட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆச்சரியமாவது படுவார் என்று நினைத்தேன். பட்டனை அவிழ்த்து சட்டையைக் கொடியில் போட்டார். நீங்க எழுந்து வந்தப்ப கவனிக்கலையா என்று கேட்டேன்.

"காய்ச்சல்ல கிடந்தவன்லா. கண்ணு சரியாத் தெரியல."

பிறகு, இதை யாரிடமாவது சொன்னாயா என்றார். இல்லை என்றேன்.

"அப்ப நான் போய்ச் சொல்லிட்டு வாறேன். என் கையெழுத்துதான இருக்கு. நீ அந்தப் பக்கமே வரவேண்டாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை நீட்டியது நான், போய் நிற்பது இவரா? சொல்வதென்றால் நான்தான் சொல்வேன், இல்லாவிட்டால் சொல்லவே வேண்டாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் குழம்பு என்ன என்று கேட்டார். இருபத்தாறு வருஷக் குட்டு உடைகிறது, இவருக்குக் குழம்பு.

மார்ச் 16, திங்கள்

இரண்டு குழுவையும் நாளை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி போன் பண்ணினேன். நிர்வாகக் குழுச் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, அன்று என் கணவர் நோயில் இருந்தார் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன்.

உளுந்து ஊறவைத்திருக்கிறேன். கேட்கப்போவது வசவாக இருந்தாலும், வருகிறவர்களுக்கு வடை போடாமல் இருக்க முடியுமா?

மார்ச் 17, செவ்வாய்

ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று மணிநேரம், இருபத்தேழு டீ. வடை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். என் வங்காளம் நன்றாகத்தான் இருக்கும், இன்றைக்குப் பாதி வழியில் எங்கேயோ போய்விட்டது. பதிவேட்டை நடு மேஜையில் வைத்தேன், போட்டோவைப் பக்கத்தில் வைத்தேன். அத்தான் கதவருகில் நின்றார்.

நிகில்பாபுவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பையிலிருந்து தன் நாற்பது பக்க நூலை எடுத்தார், புரட்டினார், மறுபடி உள்ளே வைத்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பூர்ணிமாதிதான் முதலில் அசைந்தார். பதிவேட்டில் "உயிலின்படி வெறுங்கல்" என்ற இடத்தில் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை. "வாக்கைக் காப்பாத்தியிருக்காங்க" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்டார், அப்படியானால் பதினெட்டு வருஷமாகக் கவிதை வாசித்தது யாரிடம்?

"தாத்தாகிட்டதான். அவருக்குக் கவிதைன்னாலே ஆகாது. பாவம், பதினெட்டு வருஷம் எழுந்து போக வழியில்லாம கேட்டிருக்கார்" என்றார் பூர்ணிமாதி.

நிகில்பாபுவுக்கு உயிர் வந்துவிட்டது. நீங்கள் ஆகஸ்டு தோறும் வாய்க்கால் புள்ளிவிவரம் வாசித்தீர்களே, எங்கள் கவிஞர் அதைக் கேட்டாரே, அதற்கு யார் பதில் சொல்வது என்றார். மண்டபத்தில் விரிசல் விட்டது அதனால்தான் என்றார். அதிலிருந்து சிரிப்புதான். ஒரு மணிநேரத்தில் அவர் பேனாவைத் திறந்து இரண்டாம் பதிப்புக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். பல்லக்கு ஏறாத கவிஞனுக்குப் படகுக்காரர்கள் கூலியைச் சேர்த்து மண்டபம் கட்டிய மண் இது, அதிகாரத்தில் இருந்தவரோ அதை வேண்டாம் என்ற மண் இது என்று வாசித்துக் காட்டினார். "முதல் பதிப்பைவிட நல்லாயிருக்கு பௌதி. நாற்பது பக்கம் போதாது."

வியாழக்கிழமை பலகைகளை மாற்றுவது என்று முடிவு. சிலை மண்டபத்துக்கு உள்ளேயே, தரையில் பீடம் போட்டு. யாருக்காகவும் குழி தோண்ட வேண்டியதில்லை.

நிர்வாகக் குழுச் செயலாளர் மட்டும் சாயங்காலம் போன் பண்ணினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. பிரிவுபசாரம் சொன்னபடி நடக்கும், ஆனால் பத்திரத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டியிருக்கிறது, நீங்களும் தமிழில் எடுத்துவிடுங்கள் என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் கொஞ்சம் அழுதேன். அத்தானிடம் சொன்னபோது, ஒரு வரிதானே, மற்றது இருக்கிறதே என்றார்.

மார்ச் 19, வியாழன்

பலகைகள் மாறியாகிவிட்டன. இந்தத் தடவை நான் கையை நீட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நிகில்பாபு வாசித்தார், பூர்ணிமாதி வாசித்தார், கொத்தனாரும் வாசித்தார்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாம் நன்றாக முடிந்தது. உயிரோடிருக்கும் மந்திரி வந்து சிலையைத் திறந்துவைத்து, கூட்டம் பெரிதாக இருந்ததால் நினைத்ததைவிட அதிகம் பேசினார். நிகில்பாபு மண்டபத்தைப் புகழ்ந்து பேசினார். பதினெட்டு வருஷம் திட்டிய அதே தூணைத் தட்டிக்கொடுத்தார். பூர்ணிமாதி ஒரே ஒரு பூங்கொத்தை மொட்டைக்கல்லில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். எண்ணெய்க்கறை போகாத அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தார். கல்லில் வெயில் நேராக விழுந்தது.

பதினொன்றரைக்குக் கூட்டம் கலைந்தது. நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் கூடையை எடுத்து வந்தார். ஓய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போதும் இந்த மனுஷர் பூ அள்ளாமல் விடமாட்டார் என்று வாயைத் திறந்தேன், அப்புறம் மூடிக்கொண்டேன். மண்டபத்தில் ஏறினார். கவிஞர் மேல் இருந்த ரஜனிகந்தாவைக் கைகொள்ளாமல் அள்ளிக் கூடையில் போட்டார். இறங்கி மொட்டைக்கல்லைப் பார்த்து நடந்தார்.

பாதி வழியில் நின்றுவிட்டார்.

கூடையைப் பார்த்தார். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். தனக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போய், அள்ளிய பூவையெல்லாம் ஒவ்வொரு கொத்தாக இருந்த இடத்திலேயே வைத்தார்.

நாற்காலி என் கையிலிருந்து விழுந்தது. மார்ச்சில் அங்கிருந்து இங்கே, ஆகஸ்டில் இங்கிருந்து அங்கே. கூட்டம் போனபிறகு, யார் பூ யாருக்கோ அவரிடம். பெருக்க வசதியாம்.

கிட்டே போனேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"எழுந்து நடந்த அன்னைக்கே."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் மறுநாளே மாற்றி ஒட்டியிருக்கலாமே. கூடையில் ஒட்டிய இதழ்களைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"வந்த நாள்லேருந்து மூணு மாசம் அழுதுகிட்டே இருந்த. அன்னைக்கு வாசல்ல நின்னு, நானே நின்னு வேலை வாங்கினேன்னு சொன்னேல்லா, அப்பதான் முதல்ல சிரிச்ச. அதப் போய் எப்படிச் சொல்லுவேன்?"

அப்புறம் பழகிப்போச்சு என்றார். வருஷத்துக்கு இரண்டு நாள் வேலைதானே என்றார். கூடையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பாராட்டுப் பத்திரத்தின் தமிழை நல்ல பேனாவில் எழுதி முடித்தேன். இங்கிலீஷில் அந்த வரியை அடித்து அனுப்பியிருக்கிறார்கள். நான் அடிக்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு கல்லறையிலும் ஒரு பிழையும் நேரவிடாதவர் என்று, மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி உறையை ஒட்டிவிட்டேன். நிர்வாகக் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.